அகமும் நிழற்படமும்

அகப்பாடல்களில் தலைவன் தலைவியரின் இயற்பெயர் சுட்டப்பெறுவதில்லை. தொல்காப்பியம் வகுத்த இவ்வரையறை, காதல் வாழ்வு இருவர்க்கே உரியது என்னும் கருத்தின்பாற்பட்டது எனலாம். பாடலில் பெயரை மறைத்தல் எளிது. நிழற்படத்தில் முகத்தை மறைத்தல் அரிது. அவ்வாறாயின், தன் வாழ்க்கைத் துணையைப் படமெடுக்கும் கலை அகமாகுமா, புறமாகிவிடுமா?

இவ்வந்தமான் தீவுகளிலேயே முதற் சான்று கிடைக்கிறது. 1890களில் ஆங்கில அதிகாரி எம். வி. போர்ட்மன் இங்குள்ள தொல்குடியினரைக் கட்டம் வரைந்த திரையின் முன் நிறுத்தி, நேராகவும் பக்கவாட்டிலும் படமெடுத்தார், உடலளவுகளையும் குறித்தார். அவர்கள் தொழில் செய்யும் காட்சிகளையும் எடுத்தவரே அவர். எனினும் அத்திரையின் முன் நின்றோர்க்கு யார் துணை, யாரைக் கண்டு முகம் மலர்ந்தனர் என்பதை அப்படங்களால் அறிய இயலாது. உருவம் பதிந்தது, உறவு பதியவில்லை.

இதற்கு மறுதலையானது ஜப்பானியக் கலைஞர் நோபுயோஷி அராக்கியின் நூல். 1971இல் தம் தேனிலவுப் பயணத்தைப் படமாக்கி அவரே வெளியிட்டார். மனைவி யோக்கோ படகில் பாய்மேல் உடல் குறுக்கி உறங்கும் படம் அதில் புகழ்பெற்றது. அவ்வுறக்கத்தில் களைப்பும் நம்பிக்கையும் ஒருங்கே தோன்றுகின்றன. 1990இல் யோக்கோ மறைந்தார். அவர்தம் இறுதிக் காலப் படங்களும் சேர்ந்து 1991இல் நூல் மீண்டும் வந்தது. குறிஞ்சியில் தொடங்கியது நெய்தலின் இரங்கலில் முடிந்தது.

ஆயினும் பாராட்டோடு நிற்பது திறனாய்வு ஆகாது. அராக்கியின் படங்களில் பல்லாண்டு இடம்பெற்ற காவோரி என்பார், தம் ஒப்புதலின்றியே தம் படங்கள் பயன்படுத்தப்பட்டன என 2018இல் வெளிப்பட எழுதினார். நெருக்கம் மட்டுமே ஒரு படத்தை அகமாக்கிவிடாது என்பது இதனால் பெறப்படும். காணப்படுபவர்க்கும் அக்காட்சியில் உரிமை வேண்டும்.

கப்பலேறி வந்த நம் குடும்பங்களின் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஸ்டூடியோவில் எடுத்த மணமக்கள் படமே. விறைத்து நிற்கும் அவ்விருவரிடம் திருமணம் தெரிகிறது, இல்லறம் தெரியவில்லை. சோறு வடிக்கும் கையும், துறைமுகத்தில் கப்பலை எதிர்நோக்கும் கண்ணும் படமாகத் தகாதவை என்று விட்டுவிட்டோம். இன்று கைப்பேசி அவற்றையெல்லாம் எடுக்கிறது. நொடியில் ஊரறியவும் செய்கிறது. எடுக்குமுன் அன்பும், பிறர்க்குக் காட்டுமுன் துணையின் இசைவும் வேண்டும். இவ்விரண்டும் அமைந்த படமே, முகம் தெரிந்தும் அகமாக நிற்கும்.