ஈயின் லக்ஷணம்

நிறம், நரம்பு, உரோமம் ஆகியவற்றைத் தவிர வேறொன்றையும் பேசாத ஒரு வகை உரைநடை உண்டு. புதிதாகக் கண்டறிந்த பூச்சி ஒன்றுக்குப் பெயர் சூட்டும் அறிஞர், அந்தப் பெயர் நிலைக்கும்பொருட்டு எழுதிவைக்கும் லக்ஷண வர்ணனை அது. அதையும் ரஸித்துப் படிக்கலாம் என்று நான் சொல்லும்போது நண்பர்கள் சற்றே அனுதாபத்துடன் என்னைப் பார்க்கிறார்கள். ஆயினும் மிகையும் குறையும் இல்லாமல் எழுதுவதே உரைநடையின் உத்தம குணம் என்று ஒப்புக்கொள்கிறவர்கள், சார்லஸ் பால் அலெக்ஸாண்டரின் பக்கங்களில் சிலவற்றையேனும் புரட்டிப் பார்க்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி.

1889-இல் பிறந்து 1981-இல் மறைந்த இந்த அமெரிக்கர், மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஆம்ஹர்ஸ்ட் நகரில் கல்லூரி ஆசிரியராக இருந்துகொண்டே, டிப்புலிடே என்னும் ஈக் குடும்பத்துக்குத் தம் ஆயுளை அர்ப்பணம் செய்தவர். மழைக்கால இரவுகளில் விளக்கைச் சுற்றிவந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும், உடலுக்குச் சற்றும் பொருந்தாத நெடுங்கால்களையுடைய அந்த ஜந்துவை நாம் பெரிய கொசுவென்று எண்ணி விளக்குமாற்றால் அடித்துவிடுகிறோம். அதற்கோ கடிக்கவே தெரியாது. ஈரமண்ணிலும் பாசியிலும் உளுத்த மரத்திலும் புழுவாக வளர்ந்து, இறகு முளைத்தபின் சில நாள் உலவி மறையும் இக்குடும்பத்தில் 11,000-க்கு மேற்பட்ட இனங்களுக்கு அலெக்ஸாண்டர் ஒருவரே பெயரிட்டார். எழுபதாண்டு உழைப்பென்று கொண்டால், வாரத்துக்கு மூன்று இனம். இந்தக் கணக்கில் எனக்கு அவ்வளவு மோகமில்லை. பெருந்தொகை பிரமிப்பைத் தருமேயன்றி ரஸனையைத் தராது. ரஸிக்கவேண்டியது அவர் வேலை செய்த முறை.

உஷ்ணப் பிரதேசத்துக் காடுகளிலிருந்து அவருக்கு ஈக்கள் தபாலில் வந்தன. தென்னிந்தியாவிலிருந்து அனுப்பியவர்களில் தலைசிறந்தவர் சூசை நாதன். காரைக்கால் பிரதேசத்துக் குரும்பகரத்தின் பெயரைப் பூச்சிகளோடு இணைத்த சிறு சீட்டுகளின் மூலமாகவே அயல்நாட்டு மியூசியங்களுக்குப் பரிச்சயமாக்கியவர். ஆனைமலையில் சின்கோனா, 3,500 அடி என்று அவர் சீட்டில் எழுதிய ஓரிரு சொற்கள் பல இனங்களின் பிறந்த ஊராகச் சாஸ்திரத்தில் நிலைத்துவிட்டன. இந்த ஈக்களைப் பொட்டலமாக மடித்த காகிதத்தில் வைத்து அனுப்புவது வழக்கம். பல்லி வாலை விடுவதுபோல் இவை தொட்ட மாத்திரத்தில் காலை உதறிவிடுமாகையால், உதிர்ந்த காலும் உரியவனோடே ஒரே பொட்டலத்தில் இருந்தாலல்லவா எந்தக் கால் எந்த ஈயினுடையது என்ற வழக்கு எழாமலிருக்கும்!

பொட்டலம் பிரிந்ததும் முதலில் பார்க்கத் தகுந்தது இறகு. கண்ணாடிச் சில்லின்மீது பதிக்கப்பட்டு ஒளி ஊடுருவ நிற்கும் அந்த மெல்லிய படலத்தில், நெடுக்காக ஓடும் நரம்புகளும் அவற்றை இடையிடையே இணைக்கும் குறுக்கு நரம்புகளும் வகுத்துக் காட்டும் அறைகளே வம்சாவளியின் சாசனம். ஒரு குறுக்கு நரம்பு, தான் சேரும் நெடுநரம்பு கிளைபிரிவதற்கு முன்னே சேருகிறதா பின்னே சேருகிறதா, நடுவறை மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பன போன்ற அற்ப விஷயங்களில்தான் ஒரு ஜாதி மற்றொரு ஜாதியினின்று விலகுகிறது. இந்த நரம்புகளுக்கு முறையான பெயர்களை வகுத்த காம்ஸ்டாக், நீதம் ஆகியோரின் கார்னெல் பல்கலைக்கழகத்திலேயே அலெக்ஸாண்டரும் பயின்றவர்.

இறகும் நிறமும் ஒத்துப்போய்ப் பிரித்தறிய இயலாத இரண்டு ஈக்களைக்கூட ஆணின் வயிற்று நுனி காட்டிக்கொடுத்துவிடும். அந்த நுனியைக் கத்தரித்துக் காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் இட்டால் தசை கரைந்து, கொக்கியும் முள்ளும் இதழுமாகப் பழுப்பு ஓடு மட்டும் எஞ்சும். இந்த இடத்துக்கு வரும்போது அலெக்ஸாண்டரின் நடையே மாறுகிறது. மார்பு சாம்பல், அதன்மேல் நான்கு பழுப்புக் கோடுகள். பின்னிறகு இருக்கவேண்டிய இடத்திலுள்ள குமிழ்க்காம்பு மஞ்சள், குமிழ் கறுப்பு என்கிற ரீதியில், வினைமுற்றே தலைகாட்டாமல் தந்தி வாசகம்போல் விரைந்தவர், இங்கே ஒவ்வொரு முள்ளின் வளைவையும் நீளத்தையும் நின்று நிதானித்துச் சொல்லுகிறார். ஆபரணம் எதுவுமில்லை, அழகாயிருக்கிறது என்று மறந்தும் ஒரு சொல் இல்லை, பழுப்பு கலந்த மஞ்சளையும் மஞ்சள் கலந்த பழுப்பையும் ஒன்றென்று நினைக்கும் வாசகருக்கு அங்கே இடமுமில்லை.

எனக்கு மிகவும் பிரியமானது கடைசிப் பத்தி. பிடிபட்ட ஊர், உயரம், தேதி, பிடித்தவர் பெயர் எல்லாம் கூறி முடித்தபின், இது இன்ன இனத்துக்கு நெருங்கிய உறவு, இன்னின்ன அம்சங்களில் வேறுபடுகிறது என்று இரண்டொரு வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். அந்த இரண்டொரு வாக்கியம் எழுதுவதற்கு, ஏற்கெனவே பெயர்பெற்ற ஆயிரக்கணக்கான ஈக்கள் எழுதுகிறவர் மனத்தில் அணிவகுத்து நிற்கவேண்டும்.

குறை இல்லாமலில்லை. ஒரே ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு அவர் நிர்ணயித்த இனங்கள் நிறைய. பெயர்களைக் குவித்த வேகத்தில், பின்வருவோர் இனம் பிரித்தறிவதற்கான திறவுகோல்களை அவர் போதிய அளவு வகுக்கவில்லை என்ற புகாரும் உண்டு. திறவுகோல் விஷயத்தில் நான் புகார் கூறுகிறவர்கள் பக்கம். ஆனால் மலைக்காட்டில் ஒரு தடவை வலையில் விழுந்த ஈ மறுதடவை விழ எத்தனை காலம் செல்லுமோ, அதுவரை அதைப் பெயரின்றி இழுப்பறையில் போட்டுவைப்பது விவேகமென்று எனக்குத் தோன்றவில்லை.

பெயரிடுவதில் அவர் நன்றி மறவாதவர். பணியில் தோள்கொடுத்த மனைவி மேபெலின் பெயரும், தபாலில் ஈ அனுப்பிய நாதனின் பெயரும், ‘நாதனி’ என்றவாறு லத்தீன் வேற்றுமையுருபு பெற்று ஈக்களின்மேல் ஏறியிருக்கின்றன. அவர் சேகரம் இப்பொழுது வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் நிலையத்தில் இருக்கிறது. வால்பாறைப் பக்கத்து ஓடைக்கரையில் நெடுங்கால் ஈ ஒன்றைப் பிடித்து அது புதியதுதானா என்று ஐயுறும் இளைஞர், முதலில் அலெக்ஸாண்டரின் வர்ணனையைத் தேடிப் படிக்கவேண்டும். படித்தும் ஐயம் தீராவிட்டால், வாஷிங்டனுக்கு எழுதி அந்தக் கண்ணாடிச் சில்லின் படத்தைக் கேட்டு வாங்கவேண்டும்.