ஐந்து பேருக்கு மட்டும் இலவசம்

2007 மே மாத முதல் வாரத்தில் ஜப்பானின் 376 பள்ளிகள் தாங்கள் விதி மீறியதாக எழுதிக் கொடுத்தன. என்ன மீறல்? பேஸ்பால் நன்றாக ஆடுகிறான் என்பதற்காகவே ஒரு பையனுக்குப் படிப்புக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. அப்படிச் சலுகை பெற்றவர்கள் என்று கணக்கில் வந்த மாணவர்கள் 7,971 பேர். உயர்நிலைப் பள்ளி பேஸ்பாலை நடத்தும் கூட்டமைப்பில் அப்போது நாலாயிரத்துச் சொச்சம் பள்ளிகள் இருந்தன. தோராயமாகப் பதினொன்றுக்கு ஒன்று குற்றவாளி. இத்தனை பேர், அதிலும் பலர் ஒளிக்காமலே, செய்துவந்த ஒன்றை ஊழல் என்பதா, ஊர் வழக்கம் என்பதா?

அதே பள்ளியில் கால்பந்து ஆடுகிறவனுக்கும் ஜூடோ பயில்கிறவனுக்கும் நெடுந்தூர ஓட்டக்காரனுக்கும் கட்டணத் தள்ளுபடி கிடைத்தது. அதில் யாரும் குற்றம் காணவில்லை. பேஸ்பால் பையனுக்குக் கொடுத்தால்தான் குற்றம். காரணம், பேஸ்பாலுக்கு மட்டும் ஒரு சாசனம் உண்டு. 1946-இல் வகுக்கப்பட்ட அதன் 13-ஆவது பிரிவு, ஆட்டக்காரன் என்பதற்காக எந்த மாணவனும் கட்டணமோ செலவுப் பணமோ பெறக்கூடாது என்றது.

அந்தச் சாசனத்தைக் கிண்டல் செய்துவிட்டுப் போவது சுலபம். நான் அப்படிச் செய்யத் தயாரில்லை. 1920-களில் பத்திரிகைகளும் ரயில் கம்பெனிகளும் பள்ளிப் பையன்களின் ஆட்டத்தை வைத்துக் காசு பார்க்கத் தொடங்கியிருந்தன. உயர்நிலைப் பள்ளிகளின் தேசியப் போட்டி நடக்கும் கோஷியென் மைதானத்தை 1924-இல் கட்டியதே ஹன்ஷின் ரயில் கம்பெனிதான். போட்டிகள் பெருகின, படிப்பு பின்னுக்குப் போயிற்று. 1932-இல் கல்வி அமைச்சகமே தலையிட்டு ஒரு கட்டுப்பாட்டு ஆணை போடவேண்டி வந்தது. போருக்குப் பிறகு, இனி அரசு கை வைக்க வேண்டாம், எங்களை நாங்களே கட்டுப்படுத்திக்கொள்கிறோம் என்று பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் எழுதிக்கொண்டதே சாசனம். பிள்ளையை விலைக்கு வாங்காதே என்பதுதான் அதன் சாரம். நல்ல விதி. தொழில்முறை அணிகளைப் பள்ளி வாசலுக்கு வெளியே நிறுத்தியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் வாசலுக்கு வெளியே நின்றவர்கள் சும்மா நிற்கவில்லை. 2007 மார்ச்சில் செய்பு லயன்ஸ் என்ற தொழில்முறை அணி, அமெச்சூர் ஆட்டக்காரர்கள் இருவருக்கு ரகசியமாகப் பணம் கொடுத்ததாக ஒப்புக்கொண்டது. அதில் ஒருவர் படித்த பள்ளி இவாதே மாகாணத்தின் சென்ஷு கிதாகாமி. அங்கே போய் விசாரித்தபோது கட்டணச் சலுகை விவகாரம் தனியாக வெளியே வந்தது. பள்ளி தன் பேஸ்பால் அணியையே கலைத்துவிட்டு, பின்னர் புதிதாகப் பதிவு செய்துகொண்டது. இங்கே மட்டும்தானா என்று கூட்டமைப்பு எல்லாப் பள்ளிகளுக்கும் கெடு வைத்துக் கேட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

பூதத்தைப் பார்த்துக் கூட்டமைப்பு என்ன செய்தது என்பதில்தான் என் முதல் குறை. சலுகை பெற்ற மாணவர்கள் மே மாதம் முடியும்வரை வெளிப் பள்ளிகளோடு ஆடக்கூடாது. சலுகையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தர வேண்டும். அணிக்குப் பொறுப்பான ஆசிரியர் மாற வேண்டும். இவ்வளவுதான் தண்டனை. ஒப்பந்தம் பேசியவர்கள் பெரியவர்கள். பள்ளி நிர்வாகம், பயிற்சியாளர், நடுவே நின்ற தரகர். கையெழுத்துப் போட்டு வெளியே உட்கார்ந்தவன் பதினாறு வயதுப் பையன்.

ஒசாகாவில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மகன் வடகோடியில் அவோமொரி மாகாணத்தில் ஒரு தனியார் பள்ளி விடுதியில் இருக்கிறான். மொட்டை அடித்த தலை, விடிகாலைப் பயிற்சி, உடம்பு ஏறவேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டில் கிண்ணம் கிண்ணமாகச் சோறு. கட்டணம் கிடையாது என்று சொன்னதால்தான் அவனை அனுப்பினார்கள். இப்போது திடீரென்று, சலுகை செல்லாது என்று பள்ளியிலிருந்து தகவல் வருகிறது. பணம் கட்ட முடியாவிட்டால் பையன் நடு வருஷத்தில் திரும்ப வேண்டும். இப்படி எத்தனையோ வீடுகள். கூச்சல் எழுந்ததும் கூட்டமைப்பு சில நாட்களிலேயே இறங்கிவந்து, ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு உதவி தொடர வழிவிட்டது. அந்த இறக்கத்தை நான் பலவீனம் என்று சொல்லமாட்டேன். அந்த மாதத்தில் எடுத்த ஒரே நல்ல முடிவு அதுதான்.

தடையின் கால அளவையும் கவனியுங்கள். மே கடைசி வரை. கோடைக்காலப் போட்டிக்கான மாகாணச் சுற்றுகள் ஜூனில்தான் தொடங்கும். அதாவது ஆகஸ்டில் கோஷியெனில் கூட்டம் குறையாது, என்.எச்.கே. தொலைக்காட்சி ஒளிபரப்பில் நட்சத்திரங்கள் குறையமாட்டார்கள். விதியின் மானமும் காப்பாற்றப்பட்டது, போட்டியின் கல்லாவும் காப்பாற்றப்பட்டது.

எல்லோரும் பணத்தைப் பற்றியே பேசினார்கள். பையன்கள் ஏன் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. கோஷியென் மைதானம் இருப்பது ஹியோகோ மாகாணத்து நிஷினோமியாவில். அதை ஒட்டிய பக்கத்து ஊர் இதாமி. அங்கே ஒரே சிறுவர் அணியில் ஆடிய இரண்டு பேர் மசஹிரோ தனாகாவும் ஹயதோ சகாமொடோவும். பக்கத்து ஊர் மைதானத்தில் ஆடுவதற்காகத் தனாகா ஹொக்கைதோவின் தொமாகொமாய்க்குப் போனார். சகாமொடோ அவோமொரிக்குப் போனார். ஒசாகாவில் பிறந்த யூ டார்விஷ் மியாகி மாகாணத்தின் செண்டாய்க்குப் போனார். மூவரும் பின்னாளில் பெரும் புகழ் பெற்றார்கள்.

இந்தச் சுற்றுப்பாதைக்குக் காரணம் போட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. கோடைப் போட்டியில் 49 இடங்கள். தோக்கியோவுக்கும் ஹொக்கைதோவுக்கும் இரண்டிரண்டு, மற்ற 45 மாகாணங்களுக்கு ஒவ்வொன்று. 2007 வாக்கில் ஹியோகோவில் 160-க்கு மேற்பட்ட பள்ளிகள் அந்த ஒரு இடத்துக்கு முட்டிமோதின. தொத்தோரியில் சுமார் 25 பள்ளிகள்தான். தனாகா போன ஹொக்கைதோ சின்ன இடமல்ல என்பது உண்மை. அவரை இழுத்தது பயிற்சியின் பெயராகவும் இருந்திருக்கலாம். ஆனால் பொதுவான ஓட்டம் எந்தப் பக்கம் என்பது கணக்குத் தெரிந்த எந்தத் தகப்பனுக்கும் புரியும். பிள்ளைகள் குறைந்துகொண்டே போகும் ஒரு நாட்டில், நாட்டுப்புறத் தனியார் பள்ளிக்கும் இதே கணக்குத் தெரியும். ஒருமுறை கோஷியென் போனால் பள்ளியின் பெயர் நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடும். அதற்கு ஐந்தாறு பையன்களின் கட்டணத்தை விட்டுக்கொடுப்பது விளம்பரச் செலவில் தூசு.

பையனையும் பள்ளியையும் சேர்த்துவைப்பது யார்? ஜப்பானில் திறமையுள்ள பையன்கள் பலர் நடுநிலைப் பள்ளி வயதில் பள்ளி அணியில் ஆடுவதில்லை. பாய்ஸ் லீக், லிட்டில் சீனியர் போன்ற வெளிச் சங்கங்களில், வார இறுதிகளில், ஆற்றங்கரை மைதானங்களில் கெட்டிப் பந்தில் ஆடுகிறார்கள். எந்தப் பையன் எந்தப் பள்ளிக்கு என்பதில் அந்தச் சங்கப் பயிற்சியாளரின் சொல்லுக்குப் பெரிய கனம். நல்ல பந்து வீச்சாளன் வேண்டுமா, அவனோடு இன்னும் இரண்டு பேரையும் எடுத்துக்கொள் என்று பேரம் நடப்பதாகப் பேச்சு உண்டு. பையன்களை அனுப்பிக் கைம்மாறு வாங்கும் தரகர்கள் இருக்கிறார்கள் என்பது 2007 விவாதத்தில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. என் கண்ணுக்கு ஊழல் என்ற சொல்லுக்குத் தகுந்த ஒரே இடம் இதுதான். கட்டணத் தள்ளுபடி பையன் கைக்குப் போகிறது. தரகுப் பணம் பையனைக் காட்டி இன்னொருவர் பைக்குப் போகிறது. 13-ஆவது பிரிவு முதலாவதைப் பிடித்தது. இரண்டாவது அதன் கைக்கு எட்டவே இல்லை.

கூட்டமைப்பு பிறகு வெளியாட்களைக் கொண்டு ஒரு குழு அமைத்தது. தலைவர் சுதோமு ஹொத்தா. 1970-களில் லாக்ஹீட் லஞ்ச வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர்களில் ஒருவர். 2007 அக்டோபரில் அந்தக் குழு, சலுகையை ஒழிக்க முடியாது, ஒளிவு மறைவில்லாமல் அனுமதியுங்கள் என்றது. அதிலிருந்து இன்றைய ஏற்பாடு பிறந்தது. ஒரு வகுப்புக்கு ஐந்து பேருக்கு மேல் கூடாது; நுழைவுக் கட்டணம், படிப்புக் கட்டணம் மட்டும்; சலுகை தருவதைப் பள்ளி முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்; பையன் படிக்கும் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியரின் பரிந்துரை வேண்டும். சாசனமும் 2010-இல் முழுவதுமாகத் திருத்தி எழுதப்பட்டது.

வெளிப்படைத்தன்மை இந்த ஏற்பாட்டின் உண்மையான பலம். முன்பு கிசுகிசுவாக இருந்தது இப்போது அறிவிப்பாகிவிட்டது. தாய் தகப்பன் விதியைப் படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். ஏழை வீட்டுப் பையனுக்கு உதவி கிடைப்பது குற்றமல்ல என்று ஒப்புக்கொண்டதும் பெரிய விஷயம். ஆடுவதால் உதவி கிடைத்தால் ஆட்டம் கெட்டுவிடும் என்ற பழைய நினைப்பு, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே கட்டுப்படியாகும் ஒரு தூய்மை.

ஆனால் ஐந்து என்ற எண்? பலமான பள்ளிகள் சில ஒரு வகுப்புக்கு இருபது பேர் அளவில், எல்லோரையும் தேடிப் பொறுக்கித்தான் சேர்க்கின்றன. ஐந்து பேர் இலவசம், மிச்சப் பதினைந்து பேர் வீட்டுக் காசில். ஆக, பொறுக்குவதற்கு உச்சவரம்பு இல்லை, உதவிக்குத்தான் உச்சவரம்பு. விளைவு என்ன? பெயர் பெற்ற பள்ளிக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, அங்கே காசு கட்டியும் வருவார்கள். பெயரில்லாத பள்ளியால் சலுகையைக் காட்டி ஆறாவது பையனை இழுக்க முடியாது. அதையெல்லாம் விட, திறமையில் ஆறாவதாகவும் வசதியில் கடைசியாகவும் இருக்கிற பையன் வெளியே நிற்கிறான். விடுதிச் செலவும் மட்டையும் கையுறையும் சலுகைக்குள் வராது என்பதால், முதல் ஐந்தில் வந்த ஏழைப் பையனுக்கும் சுமை முழுசாக இறங்கிவிடவில்லை.

தலைமை ஆசிரியரின் பரிந்துரை இன்னும் வேடிக்கை. தரகரை நகர்த்திவிட்டுப் பள்ளியை நடுவில் வைக்க வேண்டும் என்பது நோக்கம். ஆனால் பையன் பள்ளி அணியில் ஆடுவதே இல்லை. அவன் மட்டை பிடித்துத் தலைமை ஆசிரியர் பார்த்திருக்கமாட்டார். ஆற்றங்கரையில் முடிந்துபோன பேச்சுக்கு அவர் முத்திரை குத்துகிறார். முத்திரை குத்தியபின் அது முறையான பேச்சாகிவிடுகிறது.

அதே 2007 கோடையில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதை ஒட்டிய ஒரு வழக்கை முடித்துவைத்தது. டென்னஸி மாநிலத்தின் பிரென்ட்வுட் அகாடமி என்ற தனியார் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர், பள்ளியில் சேர ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டிருந்த எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு, வசந்தகாலப் பயிற்சிக்கு வாருங்கள் என்று 1997-இல் கடிதம் போட்டார். ஆள்பிடிக்கும் வேலை என்று மாநில விளையாட்டுச் சங்கம் 3,000 டாலர் அபராதம் விதித்தது. நான்கு ஆண்டுக் கண்காணிப்பில் வைத்தது. இரண்டு ஆண்டு இறுதிச் சுற்றுகளில் ஆடத் தடை போட்டது. பேச்சுரிமை என்று பள்ளி வழக்குப் போட, அது இருமுறை உச்ச நீதிமன்றம் ஏறியது. 2001-இல் பள்ளிக்குச் சாதகமாக, சங்கம் அரசுக்குச் சமமானது என்று 5-4 தீர்ப்பு. 2007 ஜூனில் விதி செல்லும் என்று சங்கத்துக்குச் சாதகமான முடிவு. கடிதம் வாங்கிய பையன்கள் அதற்குள் கல்லூரியே முடித்திருக்கும் வயது. அமெரிக்கர்கள் பேச்சைத் தடுத்தார்கள், ஜப்பானியர்கள் பணத்தைத் தடுத்தார்கள். பெரியவர்களின் அந்த மல்லுக்கட்டு முடிவதற்குள் பிள்ளைகளின் பள்ளிப் பருவம் முடிந்துவிட்டது என்பதில் மட்டும் இரண்டு நாடும் ஒன்று.

ஜப்பானில் அந்த ஆண்டுக் கோடைப் போட்டியை வென்றது சாகா கிதா என்ற அரசுப் பள்ளி. ஹிரோஷிமாவின் கோர்யோவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸில் நாலு ஓட்டம் பின்தங்கி, முதலில் ஒரு ஓட்டம் மீட்டு, பிறகு ஒரே அடியில் நாலு ஓட்டம் தரும் கிராண்ட் ஸ்லாமில் 5-4 என்று முந்தியது. சலுகை ஊழலின் ஆண்டில் சலுகையில்லாத பிள்ளைகள் ஜெயித்தார்கள் என்று நாடே கொண்டாடியது. 2018-இல் அகிதாவின் கனாஆஷி விவசாயப் பள்ளி உள்ளூர்ப் பையன்களை மட்டும் வைத்து இறுதிக்கு வந்தபோதும் இதே உருக்கம். அந்த முறை ஒசாகா தோயின் 13-2 என்று நொறுக்கியது. எனக்கும் அந்த எட்டாவது இன்னிங்ஸ் பிடிக்கும். ஆனால் சாகா மாகாணத்தில் போட்டியிட்ட பள்ளிகள் சுமார் நாற்பதுதான் என்பதைக் கொண்டாடியவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு மாகாணம், ஒரு இடம் என்ற அதே ஏற்பாடுதான் வெளியூர்ப் பையனை அவோமொரிக்கு இழுக்கிறது. அதேதான் சாகாவின் அரசுப் பள்ளிக்கும் வாசலைத் திறந்துவிடுகிறது. ஒன்றை ஊழல் என்றும் மற்றதைக் காவியம் என்றும் சொல்லிவிட்டு, ஏற்பாட்டின் மேல் கை வைக்காமல் போனார்கள்.

49 இடங்களை மாற்றியமைக்க யாரும் துணியப்போவதில்லை. மாகாணப் பற்று இல்லாமல் அந்தப் போட்டியே இல்லை. அதைத் தொடாமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எந்தப் பள்ளி சலுகை தருகிறது என்று அறிவிப்பதோடு, வெளி மாகாணத்துப் பையன்கள் எத்தனை பேர் சேர்ந்தார்கள், அதில் எத்தனை பேர் மூன்று வருஷத்தில் ஒரு முறையாவது களத்தில் இறங்கினார்கள், தோள்பட்டை போய் ஆட முடியாமல் ஆனவன் அதே சலுகையோடு படித்து முடித்தானா என்பதையும் பள்ளிகள் வருஷா வருஷம் வெளியிட வேண்டும். தொத்தோரிக்கோ அவோமொரிக்கோ மகனை அனுப்ப யோசிக்கிற ஒசாகாத் தகப்பனுக்கு, ஐந்து பேர் வரம்பை விட அந்தக் கணக்கு உதவும்.