நடுங்கும் உடலும் 40 விழுக்காடும்

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் பற்றி எழுதிய சிறுநூல் ஆறே மனிதர்களை வைத்துப் பேசுகிறது. அவர்களில் சிலரை அவர் தெருவில்தான் பார்த்தார். குனிவு, நடை, நடுக்கம் என வெளியிலிருந்து பார்க்கக் கிடைத்ததே நோயின் அடையாளமானது. அதே பார்வையைத்தான் இன்றைய சட்டப் பிரதியிலும் நான் வாசிக்கிறேன்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்க்கின்சன் நோயையும் தன் 21 வகைகளுக்குள் சேர்த்தது. 1995 சட்டத்தில் இருந்தவை 7 மட்டுமே. இந்த வெற்றியை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இடஒதுக்கீடு முதலான உரிமைகளுக்கு 40 விழுக்காடு குறைபாடு என்று சான்றிதழ் வேண்டும். எந்த மணி நேரத்து உடலின் 40 விழுக்காடு? லெவோடோபா மாத்திரை வேலை செய்யும்போது நடக்கிறவர், அதன் வீரியம் இறங்கியதும் வாசப்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுகிறார். காலையில் காப்பி ஆற்றிய கைக்கு மதியம் சட்டைப் பித்தான் வசப்படவில்லை. “இப்பத்தானே நல்லா நடந்தாரு, வேணும்னே பண்றாரு” என்கிறது வீடு. ஒரே ஒருமுறை பார்த்து எண் போடுகிற மருத்துவக் குழுவும் வேறென்ன சொல்கிறது?

மாத்திரைக்கு நேரம் பார்ப்பது, சோறு ஊட்டுவது, ராத்திரி புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் தலையில். அதுக்கு விழுக்காடே கிடையாது.

மருந்து ஆய்வுகளில் நோயாளி மணிவாரியாகக் குறிக்கும் நாட்குறிப்பு சான்றாக ஏற்கப்படுகிறது. மருந்தை மதிப்பிட நம்பத்தகுந்த அந்த எழுத்து, உரிமை கேட்கும்போது மட்டும் ஏன் செல்லாது?