மலையமான் மகளுக்குத் திரையில் என்ன இடம்?

'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகங்களும் (2022, 2023) வெளிவந்தபோது அதிகம் கேட்ட சொல் 'பெருமிதம்'. சோழர் கட்டடக்கலையும் கோயில் மரபும் திரையில் உயிர்பெற்றன என்று பேசிக்கொண்டோம். யாருடைய பெருமிதம் அது? இந்தக் கேள்வியை அந்தப் படத்தின் ஒரு சிறு பாத்திரத்தை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். சுந்தர சோழரின் மனைவி வானவன் மாதேவி. ஆதித்த கரிகாலன், குந்தவை, ராஜராஜன் மூவரின் தாய். மலையமான் குடியில் பிறந்தவர். அந்தக் குடியின் ஊர் திருக்கோவிலூர், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது.

படத்தில் திருக்கோவிலூர் மலையமானுக்கு வாள் உண்டு, வசனம் உண்டு, பேரனுக்குச் சொல்ல ஆலோசனை உண்டு. அவர் மகளுக்கு இருப்பது நோயுற்ற கணவரின் கட்டிலோரம் மட்டுமே. குந்தவைக்கும் நந்தினிக்கும் மணிரத்னம் தந்த இடம் பெரிது, மறுப்பதற்கில்லை. ஆனால் நந்தினி கல்கியின் கற்பனை. வரலாற்றில் வாழ்ந்து, கல்லில் பதிவான பெண்தான் திரையின் ஓரத்துக்குப் போகிறார்.

அந்தக் கல் திருக்கோவிலூர் கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் இருக்கிறது. ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு. புலியை ஈன்ற மான் என்று அது வானவன் மாதேவியைப் புகழ்கிறது. கணவர் இறந்தபோது, பால்குடி மறவாத குழந்தையைப் பிரிந்து அவருடன் தீயில் புகுந்தவர் என்கிறது. படத்தின் கதை சுந்தர சோழரின் இறப்புக்கு முன்பே முடிந்துவிடுகிறது, ஆகவே இதைக் காட்டியிருக்க முடியாது என்று சொல்லலாம். சரிதான். ஆனால் சுந்தர சோழருக்காக ஒரு பெண் உயிர்விடுவது படத்திலும் உண்டு. ஊமை ராணி மந்தாகினி அவரைக் காப்பாற்றிச் சாகிறாள். பேச்சே இல்லாத ஒரு பெண்ணுக்கு அந்தச் சாவு ஒப்படைக்கப்படுகிறது, நாமும் கண்கலங்கி எழுந்து வருகிறோம்.

அப்படியென்றால் கல் உண்மை பேசுகிறது, சினிமா மறைக்கிறது என்று முடித்துவிடலாமா? கூடாது. அந்தக் கல்வெட்டு மகன் ஆட்சியில், பிறந்த குடியின் ஊரில் வெட்டப்பட்டது. ஒரு தாய் எரிந்ததைக் குடியின் புகழாக்குவதே அதன் வேலை. அவர் விரும்பிப் போனாரா, போக வேண்டியதாயிற்றா, அந்தக் குழந்தையை யார் தூக்கி வளர்த்தார்கள் என்பதெல்லாம் அதற்குத் தேவைப்படவில்லை. கல் அவரை எரித்துப் புகழ்கிறது, திரை அவரைக் கட்டிலோரம் உட்காரவைக்கிறது. இரண்டிலும் அவருக்குக் குரல் இல்லை.

அதே கல்வெட்டில் இன்னொரு தீயும் உண்டு. பாரியின் அடைக்கலப் பெண்ணை மலையர் குடியில் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தி அது. தென்பெண்ணை ஆற்றிலுள்ள பாறைக்கு இன்றும் கபிலர் குன்று என்று பெயர். அந்தப் பெண்ணுக்கோ கல்வெட்டில் பெயரே இல்லை. புறநானூற்றிலும் 'பாரி மகளிர்' என்றுதான் இருக்கிறது. அங்கவை, சங்கவை என்று மரபு அவர்களுக்குத் தந்த பெயர்களைத் தமிழ் சினிமா என்ன செய்தது? ஷங்கரின் 'சிவாஜி' (2007) படத்தில் இரண்டு இளம்பெண்களுக்குக் கருப்பு மை பூசி, அந்தப் பெயர்களை வைத்து, கதாநாயகன் தெறித்து ஓடும் நகைச்சுவையாக்கியது. சங்கக் கவிஞர்களின் பெயர், கருப்பு நிறம், பெண் மூன்றையும் ஒரே காட்சியில் கேலி செய்தார்கள். தியேட்டர் சிரித்தது. மரபின்மேல் நமக்கிருக்கும் பெருமிதம் அந்தப் பெண்களுக்கு உதவவில்லை.

கட்டடக்கலைக்கே வருவோம். செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக்கியவர்களில் முதன்மையானவர் செம்பியன் மாதேவி. திருக்கோவிலூருக்குத் தெற்கே விருத்தாசலத்தில்கூட அவர் திருப்பணி உண்டு. கோனேரிராஜபுரத்தில் கணவர் கண்டராதித்தர் பெயரில் கோயில் எழுப்பி, அவர் லிங்கத்தை வணங்கும் சிற்பத்தையும் வைத்தார். கட்டியது மனைவி, சிற்பத்தில் வணங்குவது கணவர். படத்தில் அவர் மகனின் முடியாசையைத் தடுக்கும் பக்தியுள்ள தாய். கல்தச்சர்களுடன் நின்று பேசும் செம்பியன் மாதேவியை நாம் இன்னும் எந்தத் திரையிலும் பார்க்கவில்லை.

சோழர் அரண்மனை எதுவும் இன்று முழுதாக நிற்காததால், படக்குழு மத்தியப் பிரதேசத்தின் ஓர்ச்சாவுக்கும் மகேஷ்வருக்கும் போனது. மகேஷ்வர் 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட அகல்யாபாய் ஹோல்கரின் தலைநகர். அங்குள்ள படித்துறைகளும் கோயில்களும் ஒரு பெண் எழுப்பியவை. சோழ மன்னர்களின் பெருமைக்குப் பின்னணியாக நின்றது ஒரு பெண்ணின் கட்டடம், அவர் பெயரில்லாமல்.

நாவலைத் தழுவிய படம்தானே, புனைவுக்குச் சுதந்திரம் உண்டே என்பார்கள். உண்டு. ஆனால் நாம் அதைப் புனைவாக மட்டும் பார்க்கவில்லை, 'நம் வரலாறு' என்று கொண்டாடினோம். வரலாறு என்று கொண்டாடினால் வரலாற்றிடம் கேட்கும் கேள்விகளை அதனிடமும் கேட்க வேண்டும்.

மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். கோயில் காட்டும் படம் எதைப் பார்த்தாலும் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: கோபுரத்தின் கீழ் நிற்பது யார், அதைக் கட்டப் பொருள் கொடுத்தது யார், அந்தச் சுவரில் யாருடைய பெயர் வெட்டப்பட்டிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் தளிச்சேரிப் பெண்கள் 400 பேரின் பெயரும் குடியிருந்த வீடும் வரிசையாக இருக்கின்றன. இதுவரை எந்தக் கேமராவும் அவர்களுக்காக நிற்கவில்லை. திருக்கோவிலூருக்குப் போனால் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டைத் தேடிப் பாருங்கள். அதில் சொல்லியிருப்பதை மட்டுமல்ல, சொல்லாமல் விட்டதையும் சேர்த்துப் படியுங்கள்.