பிஎச்பி மொழியின் பார்ஸ்_யுஆர்எல் செயற்கூறு: ஒரு திறனாய்வு

பார்ஸ்_யுஆர்எல் என்பது இணைய முகவரி ஒன்றை அதன் உறுப்புகளாகப் பிரித்துத் தரும் பிஎச்பி மொழியின் செயற்கூறு ஆகும். பிஎச்பி 4 காலத்திலேயே இருந்த இது, சேவையகப் பக்க நிரலாக்கம் கற்கும் மாணவர்கள் முதலில் சந்திக்கும் செயற்கூறுகளுள் ஒன்று. பிரிப்பது இதன் வேலை, சரிபார்ப்பது அன்று. நடைமுறையில் இவ்விரண்டும் ஒன்றாகக் கருதப்படுவதே இதைச் சுற்றிய பிழைகளுக்கு வேராக உள்ளது.

பின்வரும் முகவரியைக் கொள்க (வாசிப்பு எளிமைக்காக முகவரிகள் இங்கே தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன):

எச்டிடிபிஎஸ்://உதாரணம்.இந்தியா:8080/நூல்கள்/தேடு?பக்கம்=2#முடிவு

இதை உள்ளீடாகத் தந்தால் நெறிமுறை, தளப்பெயர், போர்ட் எண், பாதை, வினவல், துணுக்கு ஆகியவை ஓர் அணியாகக் கிடைக்கும். முகவரியில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இருந்தால் அவையும் சேர்ந்து மொத்தம் எட்டு உறுப்புகள். ஓர் உறுப்பு மட்டும் போதும் என்றால் இரண்டாம் அளபுருவில் அதைக் குறிப்பிடலாம். கேள்விக்குறியையும் சாய்கோட்டையும் தேடிச் சரத்தைக் கையால் வெட்டும் நிரலைவிட இது எவ்வளவோ மேல்.

குறைகள் முழுமையற்ற முகவரிகளில் தலைகாட்டுகின்றன. நெறிமுறை இல்லாமல் "உதாரணம்.இந்தியா/நூல்கள்" என்று மட்டும் எழுதினால் தளப்பெயர் கிடைக்காது, முழுச் சரமும் பாதை என்றே வரும். பயனர் படிவத்தில் முகவரியை இப்படித்தான் தட்டச்சு செய்வார் என்பதால் இது அடிக்கடி நேர்கிறது. மிகவும் பிழையான முகவரிக்கு "பொய்" என்ற மதிப்பும், கேட்ட உறுப்பு இல்லாதபோது "வெறுமை" என்ற மதிப்பும் திரும்பும். இவ்விரண்டையும் வேறுபடுத்தாத நிரல்களே மிகுதி.

இவை தொல்லைகள் மட்டுமே. ஆபத்து வேறிடத்தில் உள்ளது. உள்நுழைந்த பயனரை அவர் முன்பு பார்த்த பக்கத்துக்கே திருப்பி அனுப்பும் வசதி பல தளங்களில் உண்டு. திரும்ப வேண்டிய முகவரி வினவலில் வரும். அதன் தளப்பெயர் நம் தளம்தானா என்று பார்ஸ்_யுஆர்எல் கொண்டு பார்த்துவிட்டு நிரல் அனுப்பிவைக்கிறது. இப்போது இந்த முகவரியைப் பார்க்க:

எச்டிடிபிஎஸ்://திருடன்.இந்தியா\@உதாரணம்.இந்தியா

@ குறிக்கு முன்னுள்ளதைப் பயனர் பெயர் என்று கொண்டு, தளப்பெயர் "உதாரணம்.இந்தியா" என்கிறது பார்ஸ்_யுஆர்எல். உலாவிகளோ பின்சாய்கோட்டை முன்சாய்கோடாகவே கருதுகின்றன. எனவே அவற்றுக்குத் தளப்பெயர் "திருடன்.இந்தியா". சோதனையில் தேறிய முகவரி, பயனரைத் திருடன் வீட்டில் கொண்டுபோய் விடுகிறது. அங்கே அதே தோற்றத்தில் ஒரு போலி உள்நுழைவுப் பக்கம் இருந்தால் கடவுச்சொல் போய்விடும். காவலாளி ஒரு பெயரைப் படிக்கிறார், வண்டியோட்டி வேறு பெயரைப் படிக்கிறார். முகவரியைச் சேவையகமே சென்று எடுத்துவரும் நிரல்களிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. வெவ்வேறு மொழிகளின் பிரிப்பான்கள் ஒரே முகவரியை வெவ்வேறாகப் படிப்பதைப் பயன்படுத்தி உள் வலையமைப்பை எட்ட முடியும் என்பதை ஆரஞ்சு சாய் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2017 பிளாக் ஹாட் மாநாட்டில் விரிவாகக் காட்டினார்.

பிஎச்பி குழுவினர் இதை அறியாதவர்கள் அல்லர். 2021 தொடக்கத்தில் பயனர் பெயர்ப் பகுதியில் பொருந்தாத எழுத்துகளைத் தடுக்கும் திருத்தம் ஒன்று வந்தது. ஆனால் பழைய தளர்ந்த போக்கை நம்பி இயங்கிய நிரல்கள் பாதிக்கப்பட்டன. ஆகவே பார்ஸ்_யுஆர்எல் பழைய நிலைக்கே திரும்பியது; கண்டிப்பு ஃபில்டர்_வார் என்ற சரிபார்ப்புச் செயற்கூற்றுக்கு மட்டும் மாற்றப்பட்டது. பழைய நிரல்களைக் காக்கும் இம்முடிவு புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் அதன் விலையைப் புதிதாகக் கற்பவர் கொடுக்கிறார். இது சரிபார்ப்புக்கானது அன்று என்று கையேடு எச்சரிக்கிறது. எடுத்துக்காட்டை மட்டும் நகலெடுப்பவர் அந்த வரியைப் படிப்பதில்லை. ஃபில்டர்_வாரிலும் தமிழருக்கு ஒரு சிக்கல் உண்டு: அது ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே ஏற்கும். தமிழில் எழுதிய முகவரியைச் செல்லாது என்று தள்ளிவிடும்.

தமிழ்ப் பக்கங்களின் முகவரிகளைக் கையாள்வோர் குறியீட்டு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். "தமிழ்" என்ற சொல் யூனிகோடில் 5 குறியெண்கள், யுடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். முகவரியில் விழுக்காட்டுக் குறியிட்டு எழுதும்போது 45 எழுத்துகளாக நீள்கிறது. பார்ஸ்_யுஆர்எல் இதை மீட்டுத் தருவதில்லை. வந்த பாதையைத் தமிழ்ச் சொல்லுடன் நேரே ஒப்பிட்டால் பொருந்தாது. மீட்பு தனியே செய்யப்பட வேண்டும், அதுவும் பிரித்த பின்னரே. முதலில் மீட்டுவிட்டால், தலைப்பில் குறியிடப்பட்டிருந்த கேள்விக்குறி உண்மையான கேள்விக்குறியாகி, தலைப்பின் மீதிப் பகுதி வினவலாகிவிடும்.

பிரித்ததை மீண்டும் சேர்க்க மொழியின் மையத்தில் இணையான செயற்கூறு இல்லை என்பது மற்றொரு குறை. வினவலைப் பிரிக்கும் பார்ஸ்_எஸ்டிஆர், பெயர்களில் உள்ள புள்ளியையும் இடைவெளியையும் அடிக்கோடாக மாற்றிவிடுகிறது. இதனால் பக்க எண்ணை மட்டும் மாற்றிச் சேர்க்க நினைத்தவர், வேறு பெயர்களும் மாறியிருப்பதைக் காண்பார்.

2025 நவம்பரில் வெளியான பிஎச்பி 8.5, யுஆர்ஐ என்ற புதிய நீட்சியைக் கொண்டுவந்தது. அதில் இரண்டு வகுப்புகள் உள்ளன. ஒன்று 2005இல் வெளியான ஆர்எஃப்சி 3986 வரையறையைப் பின்பற்றுகிறது. மற்றது உலாவிகள் பின்பற்றும் வாட்விஜி வரையறையை. எதைத் தேர்வது என்பது முகவரியை அடுத்து யார் படிக்கப்போகிறார் என்பதைப் பொறுத்தது. மேற்கண்ட திருப்பி அனுப்பும் நிரலில் அடுத்துப் படிப்பது உலாவி. ஆகவே அங்கு வாட்விஜி வகுப்பே பொருத்தம். பழைய பதிப்புகளில் இயங்கும் தளங்கள், முழு முகவரியை ஏற்காமல் தம் தளத்தின் பக்கங்களுக்கான குறியெண்ணை மட்டும் வினவலில் பெற்று, உரிய முகவரியைத் தம் பட்டியலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.