பாஷ் கட்டளை வரலாறும் பல அமர்வுகளும்: ஒரு திறனாய்வு

பாஷ் என்பது குனூ திட்டத்துக்காக பிரையன் பாக்ஸ் எழுதி 1989இல் வெளிவந்த யுனிக்ஸ் ஷெல் ஆகும். இடப்படும் கட்டளைகளை இது நினைவகத்தில் பட்டியலாக வைத்திருந்து, அமர்வு முடியும்போது பயனரின் இல்ல அடைவிலுள்ள வரலாற்றுக் கோப்பில் எழுதுகிறது. இயல்பான அளவு 500 கட்டளைகள். ஒரே முனையத்தில் வேலை செய்பவருக்கு இந்த ஏற்பாடு போதுமானது. ஒரே நேரத்தில் நான்கைந்து முனையங்களைத் திறந்து வைப்பவருக்கே இதன் குறை தெரியவரும்.

சிக்கல்

ஒவ்வோர் அமர்வும் தொடங்கும்போது மட்டுமே கோப்பைப் படிக்கிறது. எனவே ஒரு சாளரத்தில் இட்ட கட்டளை, திறந்திருக்கும் மற்றொன்றுக்குத் தெரியாது. ‘ஹிஸ்ட்அப்பெண்ட்’ விருப்பத்தை இயக்காவிட்டால், வெளியேறும்போது கோப்பு மேலெழுதப்படும் என்கிறது பாஷ் கையேடு. மின்சாரம் நின்றாலோ அந்த அமர்வில் இட்டவை எழுதப்படாமலே போகும்.

பரவலான தீர்வு

‘பிராம்ட் கமாண்ட்’ மாறியில் மூன்று செயல்களைச் சேர்ப்பது பலர் பின்பற்றும் வழி. புதிய கட்டளையைக் கோப்பில் சேர்ப்பது, நினைவகப் பட்டியலை அழிப்பது, கோப்பை மீண்டும் படிப்பது ஆகியவை அவை. இவை ஒவ்வொரு முறை தூண்டி தோன்றும்போதும் நடக்கும்.

மதிப்பீடு

இத்தீர்வு இழப்பைத் தடுத்தாலும் புதிய ஆபத்து ஒன்றைக் கொண்டுவருகிறது. கோப்பைத் திருத்துவதும் நிரலைத் தொகுப்பதுமாக மாறிமாறி வேலை செய்பவர், முந்தைய கட்டளைக்காக மேல் அம்புக்குறியை இருமுறை அழுத்தப் பழகியிருப்பார். இடையில் அவரே வேறு சாளரத்தில், வேறு அடைவில் இட்ட அழிப்புக் கட்டளை இப்போது அந்த இடத்தில் வந்து நிற்கலாம். பார்க்காமல் எண்டர் தட்டினால், இருக்க வேண்டிய கோப்புகள் போய்விடும். கட்டளையின் பொருள் அது இடப்பட்ட அடைவையும் சார்ந்தது. பாஷின் கோப்போ வெறும் வரிகளின் தொகுப்பு. ‘ஹிஸ்ட்டைம்ஃபார்மட்’ மாறியை அமைத்தால் நேரம் பதிவாகும். அடைவும் அமர்வும் பதிவாகா.

பிற ஷெல்கள் இதை வெவ்வேறாகக் கையாள்கின்றன. கார்ன் ஷெல்லில் ஒரே வரலாற்றுக் கோப்பைப் பயன்படுத்தும் அமர்வுகள் கட்டளைகளைப் பகிர்ந்துகொள்ளும். இசட் ஷெல், உடனுக்குடன் எழுதுவதையும் பகிர்வதையும் தனித்தனி விருப்பங்களாகத் தருகிறது. ஃபிஷ், பயனர் கேட்டால் மட்டுமே திறந்திருக்கும் அமர்வுகளின் வரலாற்றை இணைக்கிறது. அட்டுயின் என்ற துணைக் கருவி அடைவு, கால அளவு, வெளியேறு குறியீடு ஆகியவற்றையும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் சேமிக்கிறது.

பாஷில் தொடர்வோருக்கு நடுவழி ஒன்று உண்டு. எழுதுவதை மட்டும் உடனுக்குடன் செய்து, மீண்டும் படிப்பதைத் தேவைப்படும்போது கையால் செய்வதே அது. அப்போது எதுவும் தொலையாது. ஒவ்வொரு சாளரத்தின் அம்புக்குறியும் அதனதன் வேலையையே காட்டும். கடவுச்சொல் போன்றவையும் உடனே வட்டில் பதியும் என்பதால், ‘ஹிஸ்ட்கண்ட்ரோல்’ மாறியில் ‘இக்னோர்ஸ்பேஸ்’ மதிப்பை இட்டு, அத்தகைய கட்டளைகளுக்கு முன் ஓர் இடைவெளி விடுவது நல்லது.