முகமது சலீம்: கட்டுப் போட்ட கால் மட்டும்தானா?

முகமது சலீமைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு புகைப்படத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். 1936, கிளாஸ்கோ. செல்டிக் கிளப்பின் பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி குனிந்து சலீமின் காலில் துணிக்கட்டு போடுகிறார். பூட்ஸ் இல்லாமல் ஆட வந்த கல்கத்தாக்காரர்! கதை அந்தப் படத்தில் தொடங்கி அதிலேயே முடிந்தும் விடுகிறது. எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

செல்டிக்கின் ரிசர்வ் அணிக்குச் சலீம் ஆடியது இரண்டே ஆட்டங்கள். கால்ஸ்டனுக்கு எதிராக 7-1, ஹாமில்டனுக்கு எதிராக 5-1. இரண்டிலும் வெற்றி, பத்திரிகைகளில் பாராட்டு. பிறகு ஊர் ஞாபகம் வந்து கிளம்பிவிட்டார். இரண்டு புள்ளியை வைத்துக் கோடு போடலாம், ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கையை வரைய முடியுமா?

மற்ற புள்ளிகள் கல்கத்தாவில் இருக்கின்றன. சலீம் ஆடிய முகமதன் ஸ்போர்ட்டிங், 1934-ல் முதல் டிவிஷனுக்கு வந்த வருஷமே லீக் பட்டத்தை அடித்தது. 1898-ல் தொடங்கிய அந்த லீக்கில் அதுவரை பட்டாளத்து அணிகளும் வெள்ளைக்காரர் கிளப்புகளும்தான் ஜெயித்து வந்தன; ஓர் இந்திய அணி ஜெயித்தது அதுவே முதல் தடவை. 1938 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்கள். அந்த அணியின் வலது ஓரத்தில் ஓடியவர் சலீம்.

வெறுங்காலும் அங்கே அதிசயம் இல்லை. 1911-ல் ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்ற மோகன் பகான் அணியிலேயே பூட்ஸ் போட்டவர் ஒரே ஒருவர். இன்னும் சொல்லப்போனால், மழையில் ஊறிய மைதானத்தில் பூட்ஸ் போட்டு ஆடப் பழகியது முகமதன் ஸ்போர்ட்டிங்கின் பலங்களில் ஒன்று. எங்கள் பெரியபாளையம் பக்கம் ஆற்று மணலில் பந்து உதைக்கும் பையன்களிடம் கேளுங்க, எந்தத் தரைக்கு எந்தக் கால் என்று அவர்களே சொல்வார்கள். அது ஆட்டக் கணக்கு. அதைக் கிளாஸ்கோ வித்தையாகப் பார்த்தது. நாமும் அந்தக் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இதே மெக்மெனமியின் பழைய சகா ஜிம்மி குவின். சுரங்கத் தொழிலாளியாக இருந்து செல்டிக்கின் முன்கள வீரரானவர். 1904 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் ரேஞ்சர்ஸ் 2-0 என்று முன்னிலையில் இருந்தபோது மூன்று கோல் போட்டுக் கோப்பையை வாங்கித் தந்தார். 1905 முதல் 1910 வரை தொடர்ந்து ஆறு லீக் பட்டங்கள், 200-க்கும் மேற்பட்ட கோல்கள். குவினைப் பற்றி எழுதுகிறவர்கள் சீசன் சீசனாக எழுதுகிறார்கள். சுரங்கம் ஒரு வரியில் வந்து போகும். சலீமுக்கோ அந்த ஒரு வரியே மொத்தக் கதை.

செல்டிக் அவரை மறக்கவில்லை என்பதும் உண்மை. முதுமையில் சலீம் நோயுற்றபோது மகன் கடிதம் போட, 100 பவுண்டு டிராஃப்ட் வந்தது. இரண்டு ஆட்டத்துக்கு அவர்கள் வைத்திருந்த ஞாபகம் அவ்வளவு. கல்கத்தா ஆண்டுகளுக்கு நாம் வைத்திருப்பது என்ன?

சலீமைப் பற்றி அடுத்து எழுதுகிறவர் 1934-ல் ஆரம்பிக்கட்டும். 1936 வழியில் தானாக வரும்.